கை படும் இடங்கள்: மருத்துவமனைத் தூய்மைப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வார்டு தூய்மைப் பணிக்குப் புதிதாகச் சேருபவர்களை நான் முதல் நாள் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நிற்கச் சொல்வேன். கையில் மாப் இருக்கக் கூடாது. யாருடைய கை எதைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சிஸ்டர் வந்து டிரிப் ஸ்டாண்டை நகர்த்தினார், மருந்து பம்ப்பில் பட்டனை அழுத்தினார், கட்டில் கம்பியை இறக்கினார். நோயாளியின் மனைவி லாக்கரைத் திறந்து டம்ளரை எடுத்தார், அதே கையால் அவருக்கு வாயைத் துடைத்துவிட்டார். டாக்டர் திரைச்சீலையை இழுத்தார். நோயாளி கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அந்த அரை மணி நேரத்தில் தரையைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை.

ஆனால் நம் வேலையைப் பார்க்க வரும் எல்லோரும் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். தரை பளபளவென்று இருந்து, ஃபினாயில் வாசனையும் வந்துவிட்டால் வார்டு சுத்தம் என்று போய்விடுகிறார்கள். தொற்றுத் தடுப்புப் பிரிவில் சிஸ்டராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: கை போகும் வழியில்தான் கிருமியும் போகிறது. அதனால் கை படும் இடத்தை முதலில் துடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காய்ந்த இடத்தில் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ., ஐ.சி.யூ.க்களைப் பாடாய்ப்படுத்தும் அசினெட்டோபாக்டர் இரண்டுமே காய்ந்த கம்பியிலும் மெத்தை உறையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் விதை போல உறை கட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு கட்டிலில் இப்படிப்பட்ட கிருமியோடு ஒருவர் இருந்துவிட்டுப் போனால், அடுத்து அந்தக் கட்டிலுக்கு வருபவருக்கு அதே கிருமி தொற்றும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் ஸ்டெஃபனி டான்சர் என்ற நுண்ணுயிரியல் மருத்துவர் செய்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. இரண்டு வார்டுகளில், ஆறு ஆறு மாதம் மாற்றி மாற்றி, கூடுதலாக ஒரே ஒரு தூய்மைப் பணியாளரைப் போட்டுப் பார்த்தார்கள். கை படும் இடங்களைத் துடைப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. அந்த இடங்களில் நுண்ணுயிர்களின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு ஆள், ஒரு துணி! யாராவது உங்களிடம் "கூட்டிப் பெருக்குகிற வேலைதானே" என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் உடம்பு

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே, இரத்தத்தின் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஒப்பந்த ஆள் என்பதற்காக இதைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கிருமிநாசினிக் கரைசல் கலக்கும்போதும் கழிப்பறைக்கும் தடித்த ரப்பர் கையுறை. காலில் மூடிய செருப்பு அல்லது பூட்ஸ். கையுறை போட்ட கையோடு கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன், செல்போன் எதையும் தொடாதீர்கள். கையுறை உங்கள் கையைத்தான் காப்பாற்றும், நீங்கள் தொடும் கதவைக் காப்பாற்றாது. கழற்றியதும் கை கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் ஹேண்ட்ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. வயிற்றுப்போக்கு நோயாளியின் அறையிலிருந்து வந்தால் சோப்புதான். நான் மேலே சொன்ன விதை மாதிரியான உறை ஆல்கஹாலுக்கு அசையாது.

பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

ஹைப்போ கலக்கும் கணக்கு

வார்டில் எல்லோரும் ஹைப்போ என்று சொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை. பிளீச்சிங் பவுடரிலும் வேலை செய்வது அதே குளோரின்தான். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1847-இல் வியன்னாவின் பிரசவ ஆஸ்பத்திரியில், பிணப் பரிசோதனை செய்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வரும் டாக்டர்களை, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவிவிட்டு உள்ளே போகச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். அந்த ஏப்ரலில் அவர் பிரிவில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது 2 ஆகிவிட்டது. கிருமி என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரியாத காலம் அது. (இன்று யாரும் அதில் கை கழுவ வேண்டாம், தோல் வெந்துவிடும்.)

அப்படிப்பட்ட மருந்தை நாம் "ஒரு கை அள்ளிப் போடு", "கொஞ்சம் ஊற்று" என்று கலக்கிறோம். குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் உங்கள் மூச்சுக்கும் கட்டிலின் இரும்புக்கும் கேடு. கணக்கு எளிதுதான். கேன் மேல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதோ அதை, உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால் வகுங்கள். வருவதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு ஹைப்போவுக்கு அத்தனை பங்கு தண்ணீர்.

கேனில் 5 சதவீதம், வேண்டியது 1 சதவீதம் என்றால், ஐந்திலிருந்து ஒன்று போக நான்கு. ஒரு மக் ஹைப்போவுக்கு 4 மக் தண்ணீர். கேனில் 10 சதவீதம் இருந்தால் 9 மக் தண்ணீர். 5 சதவீதக் கேனிலிருந்து 0.1 சதவீதம் செய்ய ஒன்றுக்கு 49. பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30 சதவீதம் என்று பாக்கெட்டில் இருந்தால், 1 சதவீதக் கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு 33 கிராம் அளவில் போட வேண்டும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதம். தினசரித் துடைப்புக்கு எவ்வளவு என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். உங்கள் இடத்தில் எழுதி ஒட்டியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஹைப்போவை ஊற்றுங்கள், முகத்தில் தெறிக்காது. வெந்நீர் வேண்டாம், குளோரின் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கெட்டில் தேதியும் நேரமும் எழுதுங்கள். இன்று கலக்கியதை நாளைக்கு வைக்கக் கூடாது. கேனை வெயிலில் வைத்தாலும் வீரியம் போய்விடும். மொட்டை மாடிப் படிக்கட்டில் அடுக்கி வைத்த கேன்களில் வெறும் நாற்றம்தான் மிஞ்சியிருக்கும்.

அப்புறம், அழுக்கின் மேல் ஹைப்போவை ஊற்றிப் பயனில்லை. சளி, இரத்தம், மலம், எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுக்க வேண்டும், பிறகு சாதாரணத் தண்ணீர், கடைசியாகத்தான் ஹைப்போ. இந்த வரிசைக்காகத்தான் மூன்று பக்கெட் கொடுக்கிறார்கள். ஹைப்போ போட்ட இடம் பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். மே மாதத்தில் ஃபேன் ஓடும் வார்டில் மூன்று நிமிடத்திலேயே காய்ந்துவிடும். காய்ந்தால் திரும்ப நனையுங்கள்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, உள்ளேயிருந்து வாசலுக்கு. இந்த மூன்றும் பழகிவிட்டால் போதும். ஒட்டடையை அடித்த பிறகு கட்டிலைத் துடைக்க வேண்டும். கட்டிலைத் துடைத்துவிட்டு ஒட்டடை அடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சாதாரண நோயாளிகளின் படுக்கைகளை முதலில் முடித்துவிட்டு, தனிமைப்படுத்திய அறையைக் கடைசியாக எடுங்கள். கழிப்பறை எல்லாவற்றுக்கும் கடைசி.

நோயாளி இருக்கும் இடத்தில் விளக்குமாறு போடக் கூடாது. வீட்டுப் பழக்கத்தில் கை தானாகப் போகும், தெரியும். பெருக்கும்போது கிளம்பும் தூசியில் பூஞ்சை வித்துகளும் கிருமியும் சேர்ந்து பறக்கும். திறந்த புண்ணோடு ஒருவர் பக்கத்தில் படுத்திருக்கிறார். ஈர மாப்தான்.

கட்டிலைச் சுற்றி

நின்று நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. ஒரு சுத்தமான துணியை எடுத்து இரண்டாக மடியுங்கள், திரும்ப இரண்டாக மடியுங்கள். இப்போது உள்ளங்கை அளவில் இருக்கிறது. பிரித்துத் திருப்பித் திருப்பி மடித்தால் துடைக்க எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம். எட்டும் முடிந்தால் அந்தத் துணியைத் துவைக்கும் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் துணி. அழுக்குத் துணியை மறுபடி பக்கெட்டில் முக்கி எடுக்கவே கூடாது. முக்கினால் அந்தக் கட்டிலின் கிருமியைப் பக்கெட்டில் கரைத்து, மீதி எல்லாக் கட்டிலுக்கும் பூசுகிறோம். ஒரு கட்டிலுக்கு எடுத்த துணி அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது.

கையை வட்டமாகச் சுற்றாமல், இடமிருந்து வலம் போய், சற்றுக் கீழிறங்கி வலமிருந்து இடம் வாருங்கள், பாம்பு ஊர்ந்து போவது போல. சுற்றினால் துடைத்த இடத்துக்கே அழுக்கு திரும்பி வரும்.

எதையெல்லாம் துடைப்பது? லைட் சுவிட்ச், ஆக்சிஜன் திருகு, டிரிப் ஸ்டாண்டில் கை பிடிக்கும் உயரம், அழைப்பு மணி, அதன் ஒயர், லாக்கர் மேற்பகுதியும் கைப்பிடியும், சாப்பாட்டு மேசையின் விளிம்பு, நோயாளிக்குத் துணையாக இருப்பவர் உட்காரும் ஸ்டூல். கட்டில் கம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. எல்லோரும் மேல் பக்கத்தைத் துடைக்கிறார்கள். குனிந்து, கம்பியின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். நோயாளி பிடித்து எழும்போது நான்கு விரலும் போய்ப் பதியும் இடம் அதுதான். அங்கே பழைய பிளாஸ்டரின் பசை, காய்ந்த கஞ்சி, சில சமயம் துளி இரத்தம்கூட இருக்கும். பசை ஒட்டிய இடத்தில் எவ்வளவு ஹைப்போ போட்டாலும் உள்ளே போகாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு அப்புறம் ஹைப்போ போடுங்கள். பத்து நிமிடம் ஆனதும் சாதாரணத் தண்ணீரால் ஒரு முறை துடைத்தால் இரும்பு துருப்பிடிக்காது.

மானிட்டர், பம்ப் மாதிரி மின்சாரச் சாமான்கள் மேல் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். அதற்கென்று கொடுக்கும் மருந்தில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

துடைக்கும்போது நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "அம்மா, கட்டிலைத் துடைக்கிறேன், கையைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா" என்றால் போதும்.

தரை

தரைக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு போடுவது போல மாப்பை வளைத்து இழுங்கள், பின்னால் நடந்து வாசலை நோக்கி வாருங்கள், வழுக்கும் என்ற பலகையை வையுங்கள். தண்ணீரை மூன்று அறைக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், அதற்கு முன்பே கலங்கிவிட்டால் உடனே. தனிமை அறை முடிந்தால் மாப் தலையும் தண்ணீரும் இரண்டுமே மாற வேண்டும்.

கழிப்பறை

கழிப்பறைக்கென்று தனி நிறத்தில் மாப், துணி, பக்கெட் கொடுப்பார்கள். பல இடங்களில் சிவப்பு. அவை அந்தக் கதவைத் தாண்டி வரவே கூடாது. குழாய்த் திருகு, ஃபிளஷ், தாழ்ப்பாள் இந்த மூன்றும்தான் கை படும் இடங்கள். அவற்றை முதலில் முடித்துவிட்டு, கோப்பைக்குக் கடைசியில் வாருங்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆசிட்டையும் ஹைப்போவையும், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு அக்கா, மஞ்சள் கறை போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடர் தூவிய கோப்பையில் ஆசிட்டை ஊற்றிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. கிளம்பியது குளோரின் வாயு. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, மூச்சுவிட முடியாமல் இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார். ஒரு நாள் முழுக்க ஆக்சிஜனில் இருந்துதான் தேறினார். அவர் தவறு எதுவுமில்லை, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் ஹைப்போ சேரக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான், நடுவில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

இரத்தம் சிந்தினால்

பதற்றப்படாமல், முதலில் அந்த இடத்தில் யாரும் மிதிக்காமல் ஆளையோ பலகையையோ நிறுத்துங்கள். கையுறை, ஏப்ரன், மாஸ்க் போடுங்கள். ஊசியோ உடைந்த ஆம்பூலோ (ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி) கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கையுறை போட்ட கையால்கூட வேண்டாம். ஊசி, குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போகும்; கண்ணாடி, நீலப் பெட்டிக்குப் போகும். இரத்தத்தின் மேல் உறிஞ்சும் தாளையோ பழைய துணியையோ பரப்பி, அதன் மேல் 1 சதவீத ஹைப்போவை ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருட்டி எடுத்து மஞ்சள் பையில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், மறுபடி ஹைப்போ. கையுறை சிவப்புப் பைக்கு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் வகுத்த நிறங்கள் இவை. நாடு முழுக்க ஒன்றுதான், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்களுக்கு உதவும்.

சிறுநீர் நிறையச் சிந்தியிருந்தால் மேலேயே ஹைப்போவை ஊற்றாதீர்கள், கண் எரியும் வாயு கிளம்பும். முதலில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன கட்டில்

நோயாளி கிளம்பியதும் வாசலில் அடுத்தவர் ஸ்ட்ரெச்சரில் காத்துக்கொண்டிருப்பார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல் வரும். அந்த அவசரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. மேல் விரிப்பை மாற்றிவிட்டு அடுத்தவரைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். முந்தையவருடைய கிருமியின் மேல் புது விரிப்பு!

விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். மெத்தை, தலையணையின் ரெக்சின் உறையை இரண்டு பக்கமும் துடையுங்கள். ஓரத்தையும் ஜிப்பையும் விடாதீர்கள். உறை கிழிந்திருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி மெத்தையை மாற்றச் சொல்லுங்கள். கிழிசல் வழியாக உள்ளே ஊறியதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. கட்டிலின் சட்டம், சக்கரம், தலைமாட்டுப் பலகை, லாக்கரின் உள்பக்கம், திரைச்சீலை. முந்தையவர் விட்டுப்போன தண்ணீர் பாட்டில், பாதி சோப்பு, பிளாஸ்டர் சுருள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடுங்கள். பத்து நிமிட ஈரத்தையும் சேர்த்தால் ஒரு கட்டிலுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கச் சொல்லி நான் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

மாப்பும் துணியும்

வேலை முடிந்ததும் அழுக்குத் தண்ணீரிலேயே மாப்பை நிற்கவைத்துவிட்டுப் போவது வேண்டாம். காலையில் அது கிருமிப் பண்ணையாகியிருக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து, ஹைப்போவில் ஊறவைத்து, அலசி, தலை மேலே இருக்கும்படி வெயிலில் காயவையுங்கள். பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

யார் துடைப்பது?

அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்தார்கள். புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஜெல்லைக் கை படும் இடங்களில் தடவிவிட்டு, நோயாளி போய் அறையைச் சுத்தம் செய்த பிறகு விளக்கடித்துப் பார்த்தார்கள். பாதி இடங்கள்கூடத் துடைக்கப்பட்டிருக்கவில்லை. முடிவைப் பணியாளர்களிடமே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு நன்றாக உயர்ந்தது. எங்களிடமும் அந்த விளக்கு உண்டு. உங்கள் கட்டிலில் விளக்கடித்துப் பார்த்தால் கோபப்படாதீர்கள், எந்த இடம் விடுபடுகிறது என்று சேர்ந்து பார்ப்பதற்காகத்தான்.

இடங்கள் விடுபடுவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை. மருந்து பம்ப்பை சிஸ்டர் துடைப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள், நீங்கள் துடைப்பீர்கள் என்று சிஸ்டர் நினைப்பார். கடைசியில் ஒருவரும் துடைத்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள். மருந்து பம்ப், பி.பி. பார்க்கும் பட்டை, ஆக்சிஜன் மீட்டர், வீல்சேரின் கைப்பிடி, சிஸ்டர் மேசையில் இருக்கும் கீபோர்டு, இந்த ஐந்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக யார், எந்த மருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டு நிரப்புங்கள். அந்தத் தாளை மாப் வைக்கும் அறையின் கதவில், உங்கள் கண் உயரத்தில் ஒட்டுங்கள்.